பள்ளியும் பட்டறையும்: தொழில் பழகிய வரலாற்றில் மலைநாடு நின்ற இடம்

1894இல் பண்டாரவளை வரை வந்த ரெயில் பாதை, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. இன்றைக்குக் கோச்சியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிற தூரத்துக்கு 30 வருடங்கள். நடுவில் கிடந்தது எங்கள் தெமோதரை மலை. மலையிறக்கத்தைச் சமாளிக்கப் பாதை தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. கல், செங்கல், சீமெந்து தவிர அதில் இரும்புச் சட்டம் எதுவும் இல்லை.

இப்போது அந்தப் பாலத்தில் நின்று படம் எடுக்காத வெளிநாட்டுக்காரர் இல்லை. வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் பாலத்தின் உயரமும் நீளமும்தான். எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. படம் கீறியவர்கள் வெள்ளைக்கார எஞ்சினியர்மார். சரி. அந்தக் கல்லைப் பொளிந்தவனுக்கும் வளைவுக்குச் சாரம் கட்டியவனுக்கும் வேலை கற்றுக் கொடுத்தது யார்? பீ.கே. அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரரின் பெயரை மட்டும் ஊர்ப்பேச்சு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. மற்றவர்கள் பெயரில்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலும் படித்தவர்கள் இல்லை. ஆனால் பழகியவர்கள்.

நம் பேச்சுத் தமிழ் இந்த வித்தியாசத்தைச் சரியாகவே சொல்கிறது. "மகன் என்ன செய்றான்?" என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகிறவனை "படிக்கிறான்" என்போம், கராஜில் நிற்கிறவனை "வேலை பழகுறான்" என்போம். படிப்பு ஒரு வீட்டிலும் பழக்கம் இன்னொரு வீட்டிலுமாகப் பிரிந்து கிடக்கும் நாடு இது. இந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர இலங்கையில் நடந்த முயற்சிகளின் கதையையும், அந்தக் கூரைக்கு வெளியே நம் மலைநாட்டுப் பிள்ளைகள் எப்படி நின்றார்கள் என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம்.

மருதானையில் ஒரு பாடசாலை

1893இல் கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். ரெயில்வே, பொது வேலை, நீர்ப்பாசனம், நில அளவை, தந்தி ஆகிய திணைக்களங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. யாருக்காக ஆள் பழக்குகிறோம் என்பது அந்தப் பாடசாலைக்கு முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. வேலை கொடுப்பவனும் பாடம் நடத்துபவனும் ஒரே அரசாங்கத்தின் இரண்டு கைகள்.

இந்த ஏற்பாட்டின் பலனைக் காட்ட ஒரு பெயர் போதும். டி.ஜே. விமலசுரேந்திர அங்கே படித்து, பொது வேலைத் திணைக்களத்தில் ஓவசியராகச் சேர்ந்து, மலைநாடெங்கும் வேலை செய்தவர். நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் எஞ்சினியர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தவரும் அவரே. வகுப்பில் படித்த கணக்கையும் மலையில் பார்த்த தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க அவரால் முடிந்தது, இரண்டு இடத்திலும் நின்றதனால்தான்.

இந்த மரபு நம் பக்கத்திலும் உயிரோடு இருக்கிறது. தெமோதரையில் ஏறினால் சில நிலையங்கள் தாண்டி வரும் தியத்தலாவையில், நில அளவைத் திணைக்களம் தன் ஆட்களைத் தானே பழக்கும் நிறுவனம் உண்டு. வகுப்பறையில் படிக்கிறவன் அதே மலையில் சங்கிலி பிடித்து அளக்கவும் வேண்டும்.

ஆனால் மருதானைப் பாடசாலை ஆங்கிலம் தெரிந்தவனுக்கான பாடசாலை. அது உருவாக்கியது மேற்பார்வை செய்பவர்களை. கையால் வேலை செய்கிறவன், முன்பு போலவே, பக்கத்து ஆளைப் பார்த்துப் பழகினான்.

ஒரே தோட்டத்தில் இரண்டு பள்ளி

இனி தோட்டத்துக்கு வருவோம். பள்ளியும் முதலாளியும் கைகோர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்று மேடைகளில் பேசுகிறார்கள். அவர்கள் தோட்டத்து வரலாற்றைப் படிக்க வேண்டும். ஏனென்றால் இலங்கையில் பள்ளியும் முதலாளியும் முழுக்க ஒன்றாக இருந்த இடம் தேயிலைத் தோட்டம்தான்.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்க வேண்டிய பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. 1920இன் கல்விச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஆகவே பள்ளிக்கூடம் தோட்டத்தின் சொத்து. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதும் தோட்டம். பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் எதற்கு? பத்து வயதில் பிள்ளை பெரட்டுக் களத்துக்கு வந்து செக்ரோலில் பேர் பதிந்தால் போதும். முதலாளிக்குத் தேவைப்பட்டது கொழுந்து பறிக்கும் கையும் கவ்வாத்து வெட்டும் கையும். அந்தக் கைக்கு எவ்வளவு படிப்புப் போதுமோ, பள்ளி அந்த அளவோடு நின்றது.

அதே தோட்டத்தில் இன்னொரு பள்ளியும் நடந்தது. அதற்குக் கட்டடம் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வரும் இளைஞன் ஒருவன் பெரிய துரையோடு தங்கி, மலை ஏறி, ஃபெக்டரிக்குள் இறங்கி, கணக்குப் பார்த்து, தமிழும் கொஞ்சம் பேசப் பழகி, சின்னத்துரையாவான். இவனுக்கு 'கிரீப்பர்' என்று பெயர். கொடி மாதிரி ஒன்றைப் பற்றி ஏறுகிறவன். பழகும் காலத்தில் சம்பளம் வாங்காமல், பல பேர் காசு கொடுத்தும் பழகினார்கள். அது முழுமையான தொழிற்பயிற்சி: நல்ல குரு, கை வேலை, கணக்கு, முடிவில் நிச்சயமான உத்தியோகம். சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டு இளைஞர்களும் இந்த வழியில் துரையானார்கள்.

ஆகத் தோட்டக் கம்பெனிக்கு ஆள் பழக்கத் தெரியாமல் இல்லை. யாரைப் பழக்குவது என்று தீர்மானித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஃபெக்டரியில் ரோலரையும் டிரையரையும் ஓட்டியவன், என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடியவன், எத்தனையோ பேர் எங்கள் மலைகளில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்த அறிவுக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் அந்த அறிவு செல்லாக்காசு.

இதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று. பள்ளியும் முதலாளியும் சேர்வது பாதி விஷயம். பழகுகிற பொடியன் என்ன உரிமையோடு நிற்கிறான், அவன் பழகியதை யார் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்கிறார்கள் என்பதே மீதிப் பாதி. அந்த மீதி இல்லாவிட்டால், பயிற்சி என்பது மலிவான கூலிக்கு இன்னொரு பெயர்.

வெரஹெரவில் பிறந்த 'ஜேர்மன் டெக்'

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. பல கம்பெனிகளின் பல ஜாதி பஸ்கள் ஒரே நாளில் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன. ஓட்ட ஆள் இருந்தார்கள். திருத்த ஆள் போதவில்லை. மேற்கு ஜேர்மனியோடு உடன்பாடு செய்து, 1959இல் சபையின் வெரஹெர வேலைத்தளத்தோடு ஒரு பயிற்சிப் பாடசாலை தொடங்கினார்கள். 1970களில் அது மொரட்டுவைக்கு மாறியது. இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். சனங்களுக்கு அது 'ஜேர்மன் டெக்'.

இந்தப் பாடசாலை வெற்றி பெற்றதற்குக் காரணம் ஜேர்மன் மெஷின் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி கொடுத்தவனுக்கே அந்த ஆள் தேவைப்பட்டான். டீசல் பம்ப் பழகியவன் சரியாகப் பழகாவிட்டால் நாளைக்கு நிற்கப்போவது சபையின் பஸ்தான். ஆகவே வருடக்கணக்கில், அரத்தால் இரும்பை அராவி மட்டம் பார்ப்பதிலிருந்து, அடிப்படை பிசகாமல் பழக்கினார்கள். நிறுவனத்துக்குள் ஒரு பகுதி, வேலைத்தளத்தில் ஒரு பகுதி என்று பயிற்சி நடந்தது. 1977க்குப் பிறகு வளைகுடா நாடுகளின் கதவு திறந்தபோது, அந்தச் சான்றிதழ் இருந்தவனுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

சபை பின்னர் தளர்ந்தது. 1979இல் தனியார் பஸ்கள் மறுபடி வந்தன. சபையும் பல துண்டுகளாகியது. ஆனால் பயிற்சி நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. தனியார் கம்பெனிகள் ஆள் தேடி அங்கே வந்தன.

எங்கள் மலைப் பிள்ளைகள் அந்த நாட்களில் எங்கே இருந்தார்கள்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கி இருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அரசாங்கப் பயிற்சிக்கு ஆங்கிலமோ சிங்களமோ வேண்டும், பத்தாம் வகுப்புத் தாண்டிய படிப்பு வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளியிலிருந்து வந்தவனுக்கு மூன்று கதவும் பூட்டு. வெரஹெரவுக்குப் போகிற பாதை தெமோதரை வழியாக வரவில்லை.

சட்டம் வந்தது

1971இல் தேசிய பயிலுநர் சட்டம் வந்தது. அவ்வருடம் ஏப்ரலில் நடந்த இளைஞர் கிளர்ச்சி, படித்து வேலையில்லாமல் நிற்கும் தலைமுறையைப் பற்றி நாட்டையே அதிர வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பயிலுநர் சபை உருவாகி, கம்பெனிகளிலும் வேலைத்தளங்களிலும் இளைஞர்களைப் பயிலுநராகச் சேர்த்தது. 1990ஆம் ஆண்டின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தோடு அது, நாம் 'நைட்டா' என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையாகியது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபைக்கான சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருடம் கழித்து, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளோடு நடைமுறைக்கு வந்துவிட்டது.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. நடைமுறையில் பாரம் முழுக்க ஒரு பக்கம் சரிந்தது. பயிற்சி நிலையம் கட்டுவது சுலபம், திறப்பு விழா வைக்கலாம். முதலாளியை உள்ளே கொண்டுவருவது கஷ்டம். என்னிடம் படித்த ஒரு பொடியன் ஆறு மாதம் வெல்டிங் படித்துச் சான்றிதழோடு வந்தான். வேலைக்குப் போன முதல் நாளில் பாஸ் கேட்டாராம்: "இந்த மெஷின்ல எத்தன நாள் வேல செஞ்சிருக்க?" இருபது பேருக்கு ஒரு மெஷின் இருந்த இடத்தில் படித்தவன் என்ன பதில் சொல்வான்? எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. முதலாளி எட்டிப் பார்க்காத பயிற்சி எல்லா இடத்திலும் இப்படித்தான் முடியும்.

ஜேர்மனியில் என்ன நடக்கிறது?

ஜேர்மன் முறை என்று எல்லோரும் சொல்கிறோம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அங்கே பயிலுநன் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியிலும், ஒன்று இரண்டு நாள் தொழிற் பாடசாலையிலும் இருப்பான். பெரும்பாலான தொழில்களுக்கு மூன்று, மூன்றரை வருடம். 300க்கு மேற்பட்ட தொழில்கள் இப்படி வரையறை செய்யப்பட்டிருக்கின்றன. கம்பெனிக்கும் பயிலுநனுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, மாதாமாதம் கொடுப்பனவு உண்டு. 1969இன் தொழிற்கல்விச் சட்டம் இதற்கெல்லாம் அடித்தளம்.

நான் முக்கியமாகக் கருதுவது கடைசிப் பரீட்சையை. அதைக் கம்பெனி தனியாக நடத்துவதில்லை. பாடசாலையும் தனியாக நடத்துவதில்லை. தொழில் சம்மேளனம் அமைக்கும் பரீட்சைக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதியும் தொழிலாளிகளின் பிரதிநிதியும் சம அளவில் இருப்பார்கள், ஓர் ஆசிரியரும் இருப்பார். தன் கம்பெனிக்கு மட்டும் பயன்படுகிற ஒரு துண்டு வேலையைப் பழக்கிவிட்டுப் பொடியனைக் கட்டிப்போட முடியாது. அவன் பழகியது ஊரெல்லாம் செல்லும் காசாக இருக்க வேண்டும். நம் தோட்டத்து ரோலர்காரனுக்குக் கிடைக்காமல் போனது சரியாக இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வழியைத் தங்கள் பாணியில் செய்து பார்த்த ஊர் கோயம்புத்தூர். பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் தொடங்கிய தொழிற்பள்ளி, வேலைத்தளத்தையே வகுப்பறையாக வைத்தது. மாணவன் பழகும்போது செய்வது சந்தைக்குப் போகிற பொருள். மோட்டாரும் பம்பும் என்றால் கோவை என்று பெயர் வந்ததில் அந்தப் பள்ளிக்கும் பங்குண்டு. அங்கே வெளிநாட்டு உதவி முதலில் வரவில்லை. ஊர் வியாபாரக் குடும்பம் ஒன்றின் தருமப் பணம் வந்தது. நம் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பின்னால் வருகிறேன்.

பதுளைக் கராஜ்களில்

நம் ஊரில் அசலான தொழிற்பள்ளி எது என்று கேட்டால் நான் பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை வீதியோரக் கராஜ்களையும் தையல் கடைகளையும் பேக்கரிகளையும்தான் காட்டுவேன். அவற்றில் கணிசமானவை நம் ஆட்களுடையவை. அங்கே வேலை பழகுகிறவர்களில் முஸ்லிம் பொடியன்களும் உண்டு, லயத்திலிருந்து வருகிற தமிழ்ப் பொடியன்களும் உண்டு, சிங்களப் பொடியன்களும் உண்டு. பாஸிடம் இனம் கேட்கிற பழக்கம் அவ்வளவாக இல்லை. கை வந்தால் சரி.

ஒரு கராஜ் பாஸ் தன்னிடம் வந்த என் மாணவனிடம் சொன்னதை மறக்க முடியாது: "மகன், மொதல்ல சாமான்ட பேரப் படி, சாவிய ஏன்ட கைல எடுத்துத் தா. கை தானாப் பழகும்." சிறந்த ஆசிரியர் அவர். பெயரும் பொருளும் ஒன்றாகச் சேரும்போதுதான் மொழி படிகிறது என்று தமிழ் வகுப்பில் நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் அந்தப் பள்ளிக்கு மணி கிடையாது. எத்தனை வருடம் பழக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று வருடம் நின்றவனும் சோற்றுக் காசும் பஸ் காசும் வாங்கிக்கொண்டு நிற்பான். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லை. பாஸ் கோபித்தால் மறுநாள் வேறு கராஜில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய தோட்டத்துக் கதையே சின்ன அளவில் இங்கேயும் நடக்கிறது. முதலாளி நம்மவன் என்பதால் அது நீதியாகிவிடாது.

இப்போது திறந்திருக்கும் கதவுகள்

இன்று பிரஜாவுரிமைப் பிரச்சினை இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தப் பூட்டு முழுதாகத் திறந்தது. தமிழில் தொழிற்கல்வி முடியாது என்ற பேச்சுக்கும் இடமில்லை: 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில், ஜேர்மன் உதவியோடு, மொரட்டுவையைப் போன்ற ஒரு நிறுவனம் திறந்தது. நமக்குப் பக்கத்தில் பண்டாரவளையில் ஹோட்டல் பாடசாலையின் கிளை இருக்கிறது. 1964இல் கொழும்பில் தொடங்கிய அந்தப் பாடசாலை, மாணவரை ஹோட்டலுக்குள் அனுப்பியே பழக்குகிறது. எல்லவில் விடுதிகள் பெருகிக் கிடக்கும் காலத்தில் இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. 2017 முதல் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாதவனும் பாடசாலையிலேயே தொழிற்பிரிவில் தொடரலாம். இரண்டாம் வருடத்தில் அவன் வெளியே போய்ப் பழக வேண்டும். அந்த 'வெளியே' எங்கே என்பதில்தான் ஆசிரியர்கள் நாங்கள் அலைகிறோம்.

இன்னொரு கதவு பலருக்குத் தெரியாது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. வருடக்கணக்காகக் கராஜில் வேலை செய்கிறவன், பாடசாலைச் சான்றிதழ் எதுவும் இல்லாவிட்டாலும், நைட்டாவிடம் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து காட்டி என்.வி.கியூ. பெறலாம். பாஸ்மாருக்கும் இது பொருந்தும். பாஸிடம் சான்றிதழ் இருந்தால் அவரிடம் பழகுகிற பொடியனின் பெறுமதியும் உயரும்.

நம் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் நலன்புரிச் சங்கங்களும் வருடாவருடம் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. நல்ல காரியம். வாங்குகிறவர்கள் உயர்தரமும் பல்கலைக்கழகமும் போகிறவர்கள். வேலை பழகுகிறவனின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. தாவூத் நபி அவர்கள் கைத்தொழிலால் உண்டதைப் பயானில் கேட்கிறோம், பட்டியல் எழுதும்போது மறந்துவிடுகிறோம். கோயம்புத்தூரில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் தருமம் செய்ததில் பத்தில் ஒரு பங்காவது பதுளையில் செய்யலாம்.

பெரிய கட்டடம் வேண்டாம். ஓர் ஊரில் பத்துக் கடைக்காரர்களும் இரண்டு ஆசிரியர்களும் போதும். ஒவ்வொரு கடையும் ஒரு பயிலுநனை எழுத்தில் ஏற்க வேண்டும்: எத்தனை மாதம், என்ன கொடுப்பனவு, என்னென்ன வேலை பழக்குவது என்று. வாரத்தில் ஒரு நாள் கணக்கும் ஆங்கிலமும் பாதுகாப்பு விதிகளும் நாங்கள் சொல்லித் தருகிறோம். முடிவில் நைட்டா மதிப்பீட்டுக்கு அனுப்புவோம், விண்ணப்பக் காசைச் சங்கம் கட்டட்டும். தோட்டக் கம்பெனிகளையும் கேட்போம், ஃபெக்டரிக்குள் ஒரு பயிலுநனுக்கு இடம் தாருங்கள் என்று. நூறு வருடம் முன்பு கிரீப்பருக்கு இடம் கொடுத்த ஃபெக்டரிகள்தானே அவை.

பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம். பதினேழில் அவன் எங்கே நிற்கிறான் என்பதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம். வருகிற ஜனவரியில் என் வகுப்பிலிருந்து மட்டும் ஆறு பேர் தொழில் தேடி இறங்குவார்கள். முதல் பத்துக் கடைகளின் பட்டியலை எழுத இப்போதே உட்காரலாம்.